சாயாத குற்றம்

பல்லுக்காரர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் இதுதான்: இத்தனை வருஷம் விளையாடியும் அவர் ஒரு தடவைகூட மேஜையின் மேல் சாயவில்லை.

மேஜை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லையே, எப்படிச் சாய்வது என்று நீங்கள் கேட்கலாம். தயவுசெய்து வாரியத்தின் காதில் விழும்படி கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களில் சிலரை அதற்கப்புறம் பார்க்க முடியவில்லை. மற்றவர்களைக் கட்டுப்போட்ட கையோடுதான் பார்க்க முடிந்தது.

மெய்நிகர் டேபிள் டென்னிஸ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, வீட்டு ஹாலில் நின்று காற்றை அடிப்பது. பெட்டிக்குள்ளே பச்சை மேஜை, வலை, பந்து எல்லாம் பளிச்சென்று தெரியும். எதிர்ப்புறத்தில் வேறு எந்த ஊரிலோ தன் ஹாலில் நின்று காற்றை அடிக்கும் இன்னொருவர், ஒரு முகமூடியாகவும் இரண்டு கைகளாகவும் தெரிவார். பந்து பட்டால் டொக்கென்று சத்தம் கேட்கும், கையில் சின்னதாய் ஒரு அதிர்வு வரும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு மட்டும், வளர்ந்த மனுஷன் ஒருவன் கொசு அடித்துக்கொண்டிருப்பதாகத் தெரியும்.

ஆட்டம் சூடு பிடித்தால் ஆட்டக்காரருக்கு இதெல்லாம் மறந்துபோகும். வலையோரம் விழுந்த பந்தை எட்டி எடுத்த வேகத்தில் மேஜையின் மேல் கையை ஊன்றிவிடுவார். கை காற்றுக்குள் போகும், பின்னாலேயே உடம்பும் போகும். அங்கே இருப்பது தரை ஒன்றுதான்.

ஆரம்பத்தில் இதை விபத்து என்றார்கள், எச்சரிக்கை ஒட்டினார்கள். பிறகுதான் மெய்மை வாரியம் வந்தது. விளையாட்டை விற்ற கம்பெனியை வாரியம் எப்போது விழுங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஒருநாள் காலையில் எல்லோருடைய பெட்டியிலும் ஒரு அறிவிப்பு வந்தது: 'விழுதல் விபத்தல்ல. ஆட்டம் எவ்வளவு மெய்யாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.' அன்றிலிருந்து விழுந்தவர்களுக்குப் பதக்கம் தந்தார்கள். எலும்பு முறிந்தவர்களுக்குத் தரவரிசையில் ஏற்றம் தந்தார்கள். வாரியத்தின் அனுமதி இல்லாதவர் பெட்டியை மாட்டினால் உள்ளே வெறும் இருட்டுதான்.

பல்லுக்காரர் இந்த வம்புக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செட் செய்வதுதான் அவர் தொழில். பகல் முழுக்க மெழுகு, அச்சு வார்க்கும் ஜிப்சம் மாவு, ஈறு நிறத்தில் ஒரு பிசின் என்று அவர் பொழுது போய்விடும். சாயந்தரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியை மாட்டுவார். தரவரிசைக்காக அல்ல, அண்ணனுக்காக.

அண்ணன் வேறு ஊரில் தனியாக இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி போன பிறகு ஒருநாள் குளியலறையில் சுருண்டு விழுந்தார். எழுந்தபோது இடது பக்கம் அவர் சொல்பேச்சைப் பாதிதான் கேட்டது. தினமும் கொஞ்ச நேரம் எழுந்து நின்று உடம்பை அசைக்க வேண்டும் என்றார் டாக்டர். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பையன்களை அண்ணன் திட்டியே துரத்திவிட்டார். கடைசியில் பல்லுக்காரர் இரண்டு பெட்டி வாங்கி ஒன்றை அண்ணனுக்கு அனுப்பினார். அதுதான் வேலை செய்தது. கனமான மர நாற்காலி ஒன்றின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் அண்ணன் விளாசுவார்.

"வாடா பல்லு, இன்னிக்கு உன் பல்லை எல்லாம் எண்ணிக் கையில குடுக்கறேன்" என்று ஆரம்பித்தால், அந்த ஒரு மணி நேரமும் அவர் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டிய பழைய அண்ணன்தான். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. பந்து நடுவில் இருந்தால் எல்லாம் வரும். இந்த ஆட்டம் நின்றால் அண்ணன் உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டார் என்பது பல்லுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் அவர் தினமும் விளையாடினார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் வாரியத்திலிருந்து போன் வந்தது. இனிமையான ஒரு பெண் குரல், தன்னைக் கண்காணிப்பாளர் என்று சொல்லிக்கொண்டது.

"சார், உங்க ஆட்டம் எல்லாத்தையும் பார்த்தோம். ரொம்ப நிதானமா விளையாடறீங்க. அதான் எங்களுக்குக் கவலையா இருக்கு. ஒரு நடை வந்துட்டுப் போயிடுங்க."

வாரியத்தின் அலுவலகத்தில் நடைபாதை நெடுக, தலைவர்கள் படம் இருக்க வேண்டிய இடத்தில், அவர்கள் முறித்துக்கொண்ட எலும்புகளின் எக்ஸ்ரே படங்களைச் சட்டம் போட்டுப் பின்னால் விளக்கு வைத்து மாட்டியிருந்தார்கள். மணிக்கட்டு, தோள்பட்டை, விலா என்று பதவி ஏற ஏற எலும்பும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில் இடுப்பு இருந்தது. அதன் கீழே புதிதாய் ஒரு பூங்கொத்து வைத்திருந்தார்கள்.

விசாரணை அறையில் மேஜையே இல்லை. நிஜ மேஜைகள் மெய்நிகர் மேஜையை அவமதிக்கின்றன என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அதிகாரிகள் ஒரு காலி இடத்தைச் சுற்றி, அங்கே பெரிய மேஜை இருப்பதுபோலவே முழங்கையை அந்தரத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வலிக்காதா என்று நமக்குத் தோன்றும். வலித்தது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நடுவில் தலைவர், ஒரு கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் கழுத்துப்பட்டை போட்ட ஒரு அம்மாள் இருந்தார். போனில் பேசிய கண்காணிப்பாளர் அவர்தான்.

அலுவலக உதவியாளர் தட்டில் டீ கொண்டுவந்தார். தலைவர் முன்னால் இடுப்பு உயரத்தில், இல்லாத மேஜையின் மேல், கோப்பையை மரியாதையாக வைத்துவிட்டுக் கையை எடுத்தார். கோப்பை தரையில் விழுந்து நொறுங்கியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அடுத்தவர் கோப்பையும் நொறுங்கியது. தலைவர் வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். உதவியாளர் பணிவாகத் தலையாட்டினார். அவருடைய செருப்பு முழுக்கப் பீங்கான் தூள்.

பல்லுக்காரர் முறை வந்தது. உதவியாளர் கோப்பையை வைத்துக் கையை எடுத்தார். பல்லுக்காரர் சட்டென்று கை நீட்டிப் பிடித்துவிட்டார்.

கண்காணிப்பாளர் மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினார். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினார்.

"பிடிச்சுட்டார்" என்றார்.

"பார்த்தேன்" என்றார் தலைவர் வருத்தமாக. பிறகு எழுந்து நின்று பேசினார். இப்படிப் பேசுவதற்காகவே அவர் காலையில் எழுந்திருக்கிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயா, நாங்க கொடுமைக்காரங்க இல்ல. ஒரு காலத்துல ஆட்டக்காரங்க எல்லாம் புகார் பண்ணாங்க, மேஜை கையில தட்டுப்படலியேன்னு. நாங்க மேஜையைச் சரி பண்ணத்தான் பார்த்தோம். எத்தனையோ நிபுணர்கள், எத்தனையோ வருஷம், முடியல. அப்புறம்தான் ஞானம் வந்தது. கோளாறு மேஜையில இல்ல, ஆட்டக்காரங்ககிட்ட இருக்கு. மேஜையைச் சரி பண்றதைவிட ஆட்டக்காரங்களைச் சரி பண்றது எவ்வளவோ சுலபம்."

அதிகாரிகள் கைதட்டினார்கள். தலைவர் கட்டுப்போட்ட கையைத் தொடையில் தட்டிக்கொண்டு முகம் சுளித்தார்.

"ஜெயிக்கணும்கற வெறி உள்ளவன் மேஜை இருக்கா இல்லியான்னு பார்க்க மாட்டான். போய்ச் சாய்வான். நீங்க பார்க்கறீங்க. அப்படின்னா உங்க மனசு ஆட்டத்துல இல்ல, உங்க உடம்புமேல இருக்கு. சொந்த உடம்புமேல அக்கறை வெச்சுக்கிட்டு இன்னொருத்தரோட போட்டி போடறது, என்ன சொல்றது, ஒழுக்கக்கேடு."

"விழக் கூடாதுன்னுதான்யா கொஞ்சம் ஜாக்கிரதையா..." என்று இழுத்தார் பல்லுக்காரர்.

"விழக் கூடாதுன்னு நினைக்கறவங்க எதுக்கு சார் விளையாட வர்றீங்க?" என்றார் கண்காணிப்பாளர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

பல்லுக்காரருக்குத் தெரிந்தது தன் தொழில் ஒன்றுதான். அதையே சொன்னார். "நான் பொய்ப்பல் செய்யறவன்மா. எவ்வளவு தத்ரூபமா செஞ்சாலும், படுக்கப் போறப்போ கழட்டி வெச்சுடுங்கன்னு சொல்லித்தான் குடுப்போம். கழட்டலேன்னா ஈறு புண்ணாயிடும்."

"கழட்டி வைக்கற பல், பல்லே இல்ல" என்றார் தலைவர். அதோடு விசாரணை முடிந்தது. பல்லுக்காரருக்குச் சாய்வுப் பயிற்சி விதித்தார்கள். பயிற்சி அவர் வீட்டிலேயே, கண்காணிப்பாளர் மேற்பார்வையில் நடக்கும் என்று முடிவானது.

அடுத்த வாரமே அந்த அம்மாள் வந்து, ஹால் நடுவில் முழங்கால் போட்டு மஞ்சள் டேப்பால் மேஜையின் நாலு பக்கத்தையும் தரையில் ஒட்டினார். வீட்டில் உள்ள யாரும் இனி அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, ஆட்டம் நடக்காத நேரத்திலும்கூட. பல்லுக்காரரின் மனைவி ஈரத்துணிக் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பால்கனிக்குப் போக அந்த வழியை விட்டால் வேறு வழி சோபாவைச் சுற்றித்தான்.

"கோட்டுக்குள்ள நடக்கத்தானே கூடாது? குனிஞ்சு அடியில போகலாமா?" என்றாள்.

கண்காணிப்பாளர் கேலியைக் கேலியென்று எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "போகலாம். ஆனா நிமிரும்போது தலையில இடிச்சுக்கணும்."

அவர் போன பிறகு மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். பல்லுக்காரரும் சிரித்தார். ஆனால் பயிற்சி சிரிப்பாக இல்லை. பெட்டியை மாட்டி, மேஜை முன்னால் நின்று, 'சாய்க' என்றதும் சாய வேண்டும். விழுந்தால் எழுந்து மறுபடி சாய வேண்டும். முழங்கால் இரண்டும் கன்றிப்போயின. பிறகு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். மேலுடம்பு சாய்வதுபோல் காட்டிக்கொண்டு, எடையைக் குதிகாலிலேயே வைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் உச்சுக்கொட்டினார்.

"உடம்புல பாதிதான் சாயுது சார். மீதியைக் கால்ல பதுக்கி வெச்சிருக்கீங்க."

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்தது. ஒருநாள் மனைவி சமையலறையிலிருந்து, "என்னங்க, அடுப்புல பால் பொங்குது, கொஞ்சம் அணைங்க, கை எல்லாம் மாவு" என்று கூப்பிட்டாள். பல்லுக்காரர் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து ஓடினார். நேராக ஓடவில்லை. மஞ்சள் டேப்பைச் சுற்றி, இடுப்பை ஒதுக்கிக்கொண்டு, மேஜை மூலை இடிக்காமல் வளைந்து ஓடினார். பால் பொங்கி வழிந்துவிட்டது. மனைவி வழிந்த பாலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"இப்போ பெட்டி மாட்டலியே நீங்க" என்றாள் மெதுவாக.

"பழக்கம்" என்றார் அவர். சொல்லிவிட்டு மஞ்சள் டேப்பைத் திரும்பிப் பார்த்தார்.

பயிற்சி முடிகிற அன்று கண்காணிப்பாளர் கிளம்பும்போது, ஏதோ மறந்ததுபோல் வாசலில் நின்றார்.

"உங்ககூட தினமும் விளையாடறாரே, அவர் பதிவும் பார்த்தேன். வலது கை நல்லா வேலை செய்யுது. இடது கை மட்டும் எப்பவும் ஒரே உயரத்துல அப்படியே நிக்குதே. எதையோ பிடிச்சுட்டு இருக்காரா?"

"என் அண்ணன்மா அவர். பக்கவாதம் வந்தவர். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டாதான் நிக்க முடியும்."

"நாற்காலியா? ஆட்டத்துக்குள்ள நாற்காலி இல்லியே சார்."

"அவர் வீட்டுல இருக்கும்மா."

"அதான் தப்பு. ஆட்டத்துல இல்லாத ஒண்ணைப் பிடிச்சுட்டு நிக்கறது மோசடி. இத்தனை நாளா எதிராளிகளை ஏமாத்திட்டு இருந்திருக்கார்."

"எதிராளி நான்தாம்மா! நான் ஏமாறல!"

"உங்களுக்கே தெரியாம ஏமாந்திருக்கீங்க பாருங்க" என்றார் அவர் பரிவோடு.

"அப்போ எதைப் பிடிச்சுட்டு நிக்கறது அவரு?"

கண்காணிப்பாளர் அதிசயமாகப் பார்த்தார். "மேஜை இருக்கே" என்றார்.

உத்தரவு அடுத்த வாரம் தலைவர் வாயாலேயே போனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அண்ணனும் தம்பியும் வாரியத்தின் முன்னிலையில் ஒரு மெய்மைப் போட்டி ஆட வேண்டும். நாற்காலி கூடாது. எதிராளியைச் சாய வைப்பது ஒவ்வொரு ஆட்டக்காரரின் கடமை. ஆகவே பல்லுக்காரர் அண்ணனுக்கு எட்டாதபடி வலையோரம் குட்டைப் பந்தாகப் போட வேண்டும்.

"அவர் விழுந்துடுவாருங்க" என்றார் பல்லுக்காரர். குரல் அழுகையாகத்தான் வந்தது.

"அதுக்கு எங்க வாழ்த்துகள். ஒரு ஆட்டத்துல யாராவது ஒருத்தர் விழுந்துட்டாப் போதும், அது மெய்யான ஆட்டம்னு அங்கேயே முத்திரை குத்தி முடிச்சுடுவோம். ரெண்டு பேருக்கும் நிரந்தர அனுமதி. யாருமே விழலேன்னா மட்டும் அவர் பெட்டியும் உங்க பெட்டியும் இருட்டாயிடும். எங்களுக்கு யார்மேலயும் விரோதம் கிடையாது."

அன்றைக்கு இரண்டு சகோதரர்களும் வழக்கத்துக்கு மாறாகப் போனிலேயே பேசினார்கள்.

"அண்ணே, வேணாம்ணே. இந்தக் கண்றாவியை விட்டுடுவோம். நான் வாரம் தவறாம அங்க வந்துடறேன்."

"வாரத்துக்கு ஏழு நாள்டா. நீ ஒருநாள் வருவே. மத்த நாள் சாயந்தரம் நான் என்ன பண்ணுவேன்? சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கவா?"

"நாற்காலி இல்லாம நீ எப்படி நிப்பே?"

"அதைப் போன வாரமே சமையல்கட்டுல தள்ளியாச்சு. அந்தம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. நல்லா மரியாதையாத்தான் பேசறாங்க, நீ ஏன்டா பயப்படறே?"

"அண்ணே, அங்க மேஜை இல்லண்ணே."

அண்ணன், யாருக்கும் சொல்லாததைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். தினமும் லேசா வலது கையை வெச்சு வெச்சுப் பார்க்கறேன்டா. நேத்து என்னமோ தட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு."

பல்லுக்காரர் போனை வைத்தார். யாராவது ஒருத்தர் விழுந்தால் போதும் என்று தலைவர் சொன்னது ஒன்றுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. அந்த ஒருத்தர் தானாக இருந்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தார். ஆட்டம் தொடங்கிய கையோடு விழ வேண்டும், காலில் எதையும் பதுக்காமல் விழ வேண்டும். மனைவியிடம் சொன்னார்.

"தலையணையாவது போடறேன்" என்றாள் அவள்.

"கண்டுபிடிச்சுடுவாங்க. இத்தனை நாள் விழுந்து பழகினதுதானே."

"உங்க அண்ணனுக்காக நீங்க விழறீங்க, உங்களுக்காக நான் என்ன பண்ண?" என்று கேட்டாள் அவள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள்ளே அரங்கம் நிரம்பி வழிந்தது. வரிசை வரிசையாக முகமூடிகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி புன்னகை. மேஜைக்கு அந்தப்பக்கம் அண்ணனின் முகமூடி நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடா பல்லு, தயாரா?" என்றது அண்ணன் குரல். மூச்சு வாங்கியது. இருந்தாலும் அதில் சந்தோஷம்.

முதல் பந்தைப் பல்லுக்காரர் அண்ணனின் வலது கைக்கே தேடிப்போய்க் கொடுத்தார். அடுத்ததையும் அப்படியே. அரங்கத்தில் அறிவிப்புக் குரல் ஒலித்தது: "ஆட்டக்காரர் இரக்கம் காட்டுகிறார். முதல் எச்சரிக்கை."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பிச்சை போடாதேடா!" என்று கத்திக்கொண்டே, தனக்குப் பிடித்தமான வித்தையை எடுத்தார். பந்தைத் தொட்டும் தொடாமலும் வலையோரம் குட்டையாகப் போட்டார். பல்லுக்காரர் காத்திருந்தது இதற்குத்தான். பாய்ந்து எட்டினார், இடது கையை மேஜையில் ஊன்றினார். நடிக்கத்தான் நினைத்திருந்தார். ஆனால் ஊன்றிய அந்தக் கணத்தில், சத்தியமாக, மேஜை அங்கே இருக்கிறது என்று அவர் உடம்பு நம்பியது.

மணிக்கட்டு அவருடைய எடை முழுக்கத் தாங்கி மடங்கியது. சத்தம் அவருக்கே கேட்டது. கன்னம் தரையில் மோதியது. பெட்டி கழன்றுவிடவில்லை. தரையில் கிடந்து பார்த்தால் மேஜையின் அடிப்பாகம் தெரிந்தது. அங்கேயும் மரச்சட்டத்தையும் திருகாணிகளையும் யாரோ வெகு அக்கறையாக வரைந்திருந்தார்கள்.

அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. "மெய்யான ஆட்டம்!" என்றது அறிவிப்புக் குரல். "போட்டி நிறைவுற்றது. இருவருக்கும் நிரந்தர அனுமதி."

வலியில் உயிர் போனது. அதையும் மீறிப் பல்லுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. முடிந்தது, அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார், நாளைக்கு மறுபடி நாற்காலியை எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார்.

மேஜையின் விளிம்புக்கு மேலே அண்ணனின் முகமூடி தெரிந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"டேய்! டேய் தம்பி, அடி பட்டுடுச்சாடா? பேசுடா!"

"ஒண்ணுமில்லண்ணே. நீ அங்கயே நில்லு."

"இருடா, கை குடு, தூக்கறேன்."

வலது கை அவரை நோக்கி மேஜைமேல் நீண்டது. இத்தனை வருஷம் ஓர் அங்குலம் நகராத இடது கையும் மெல்ல உயர்ந்து, குனிவதற்குத் தோதாக மேஜை விளிம்பைத் தேடிக்கொண்டு வந்தது.

"அண்ணே, சாயாதே! மேஜை இல்லண்ணே! அங்க ஒண்ணுமே இல்லண்ணே!" என்று பல்லுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

முகமூடி பச்சைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே வந்தது. தலைகுப்புற, வேகமாக வந்தது. தொப்பென்று எங்கோ ஒரு ஹாலில் கேட்ட சத்தம் இவர் காதுக்குள் கேட்டது. பிறகு அது அவர் முகத்துக்கு நேரே, தரையோடு தரையாக, பக்கவாட்டில் புன்னகைத்துக்கொண்டு கிடந்தது. இப்போது அது ஆடவே இல்லை.

ஆரவாரம் காதைப் பிளந்தது. "இரட்டை மெய்மை!" என்று அறிவிப்புக் குரல் தழுதழுத்தது. தலைவரே பேச வந்துவிட்டார். தன் பதவிக்காலத்தில் இப்படி ஒரு நாளைக் காண்போம் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். ஒரு சகோதரர் விழுந்ததைக் கண்டதும் இன்னொருவர் யோசிக்காமல் சாய்ந்தாரே, இந்தத் தூய்மையை இனிப் புதிய ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் பாடமாக வைக்கப்போவதாகச் சொன்னார்.

"அண்ணே" என்று கூப்பிட்டார் பல்லுக்காரர். "அண்ணே, பேசுண்ணே."

மனைவி மஞ்சள் டேப்பை மிதித்துக்கொண்டு மேஜைக்குள்ளேயே ஓடிவந்து அவரைத் தாங்கினாள். "அண்ணன் விழுந்துட்டாரு, போன் போடு, போன் போடு" என்று அவர் அலறினார். அவள் எண்ணை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஊரில், அந்த ஹாலில், அண்ணனின் போன் அடிக்கத் தொடங்கியது. அண்ணன் பெட்டி வழியாக அந்தச் சத்தம் பல்லுக்காரருக்கும் கேட்டது, வெகு பக்கத்தில், கை நீட்டினால் எடுத்துவிடலாம் போல. முகமூடி அசையவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. மனைவி மறுபடி போட்டாள். மறுபடி அடித்தது.

தலைவர் பேச்சை நிறுத்தினார். மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு சின்ன வேண்டுகோள். அந்தப் போன் சத்தம் ஆட்டத்தைச் சேர்ந்தது இல்ல. மெய்மையைக் கெடுக்குது. யாராவது அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் கைதட்டல் மட்டும் கேட்டது. மனைவியின் கையில் இருந்த போனில், யாரும் எடுக்காமல் மணி போய்க்கொண்டே இருந்தது.